ஒன்பது வினாடி

கையேடு வந்த அன்று டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னே? இருபத்தோரு வருஷமாக மூன்றாம் வகுப்பில் சாக்பீஸ் தூளைத் தின்றவளின் படம் புத்தகத்தில் அச்சாகி வருவது என்ன தினமும் நடக்கிற காரியமா? ஆசிரியர் ஓய்வறையில், கெட்டில் வைத்திருக்கும் மேசைமேல் அட்டைப் பெட்டியைக் கிழித்து முதல் பிரதியை எடுத்தவளே அவள்தான். நான்காம் பக்கத்தில் இருந்தாள். கரும்பலகைக்கு முன்னால், கைகளைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு. கீழே அவள் பேர், பள்ளியின் பேர், 'இம்முறையின் முன்னோடி' என்று ஒரு பட்டம் வேறு.

"நீங்க வாய மூடிட்டு நின்னதுக்கு உலகத்துலயே இது ஒண்ணுதான் சாட்சி டீச்சர்" என்றார் விளையாட்டு ஆசிரியர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

பதினோராம் பக்கத்துக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. 'கேள்வி கேட்ட பின் ஆசிரியர் ஒன்பது வினாடி காத்திருக்க வேண்டும். ஒன்பதாம் வினாடியில் மணி ஒலிக்கும். அதற்குள் விடை வராவிட்டால் மாணவரின் பெயருக்கு எதிரே ப.இ. (பதில் இல்லை) எனக் குறித்து அடுத்த மாணவரிடம் செல்ல வேண்டும். ஒரு மாதத்தில் பன்னிரண்டு ப.இ. பெறும் மாணவர் ஆதரவு வகுப்புக்குப் பரிந்துரைக்கப்படுவார்.' பெட்டியின் அடியில் வகுப்புக்கு ஒன்றாக வெள்ளை நிற டைமர்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்பது எண்ணுவதற்குள் கீச்சென்று கத்தியது. ஓய்வறையில் இருந்த எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது வேறு எதற்கும் இவ்வளவு பொருந்தாது. ஏனென்றால் அவள் பிடித்தது ஒன்பது வினாடியை அல்ல.

நாலு வருஷத்துக்கு முன்னால் டீச்சருக்குத் தொண்டை கட்டியது. சாதாரணக் கட்டல் இல்லை. பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் குரலே போய்விடும் என்று மருத்துவர் பயமுறுத்தி அனுப்பினார். விடுப்பு மீதமில்லை. ஆகவே வகுப்புக்குப் போய்க் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதற்குமுன் அவள் எப்படிப்பட்டவள் என்றால், கேள்வியைக் கேட்ட வாய் மூடுவதற்குள் "ம்? தெரியாதா? அடுத்தவன் சொல்லு" என்று தாவுகிறவள். பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். இப்போது தாவ முடியவில்லை. வாய் இருந்தால்தானே தாவ? வேறு வழியில்லாமல் காத்திருந்தாள். மூன்றாம் நாள், இரண்டு வருஷமாக வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், கடைசி வரிசையில் எழுந்து நின்று சரியான விடையைச் சொன்னான். அவனுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. அவனுக்குத் தேவைப்பட்ட நேரத்தை யாரும் கொடுத்ததில்லை. அவ்வளவுதான் விஷயம். டீச்சர் அன்று வீட்டுக்குப் போய், பேச முடியாததால் ஒரு தாளில் எழுதிப் புருஷனிடம் காட்டினாள்: 'இத்தனை வருஷம் நான் எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறேன்?'

குரல் திரும்பி வந்த பிறகும் அவள் காத்திருப்பதை விடவில்லை. பழைய வருகைப் பதிவேடு ஒன்றில், யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுத ஆரம்பித்தாள். இது எப்படியோ கல்வி ஆய்வு நிறுவனத்தின் காதுக்குப் போய், அங்கிருந்து ஒரு ஆய்வாளர் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஆறு மாதம் அந்தப் பெண் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, நிறுத்துகடிகாரத்தைப் பிடித்துப் பிடித்து அளந்தாள். நல்ல பெண், நேர்மையானவள். பக்கத்து வகுப்புகளில் டீச்சர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். இந்த டீச்சர் சராசரியாக ஒன்பது வினாடி காத்திருக்கிறாள். இவள் வகுப்பில் வாய் திறக்கிற பிள்ளைகள் இரண்டு மடங்கு. இதுதான் அவள் கண்டது. அதில் பொய் எதுவும் கிடையாது.

ஆனால் சராசரி என்றால் என்ன? இரண்டு வினாடியில் சொன்ன பிள்ளையும் உண்டு, முப்பத்தெட்டு வினாடியில் சொன்ன பிள்ளையும் உண்டு என்றுதானே அர்த்தம்? அந்தச் சராசரியைக் கொண்டுபோய் யாரோ கதவாக்கி, ஒன்பதில் இழுத்துச் சாத்தியிருக்கிறார்கள்.

அந்தக் கதவுக்கு வெளியே முதலில் நிற்கப்போவது யார் என்று டீச்சருக்கு அன்றே தெரியும். அவளுடைய வகுப்பில் இந்த வருஷம் ஒரு பெண் இருக்கிறாள். எதைக் கேட்டாலும் விடை அப்புறம்தான் வரும் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு அப்புறம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அந்தப் பேரில் வருத்தம் இல்லை. நோட்டு அட்டையில் தானே அப்படி எழுதி வைத்துக்கொண்டாள். ஒரு நாள் டீச்சர் கேட்டாள்: பஸ்ஸில் இருபது பேர், ஏழு பேர் இறங்கினார்கள், நாலு பேர் ஏறினார்கள், இப்போது எத்தனை பேர்? முந்திரிக்கொட்டை என்று எல்லாரும் அழைக்கிற பையன் வழக்கம்போல முந்திக்கொண்டு "ஒன்பது" என்றான். இன்னொரு பெண் பதினேழு என்றாள். அப்புறம்மா சன்னலைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், இருபத்தாறு வினாடி கழித்துச் சொன்னாள்:

"பதினேழு. டிரைவரையும் சேத்தா பதினெட்டு. அந்த இருபதுல டிரைவர் உண்டா டீச்சர்?"

இருபத்தோரு வருஷத்தில் இந்தக் கணக்கை எத்தனை தடவை கேட்டிருப்பாள்! டிரைவரைப் பற்றி ஒரு பிள்ளையும் கவலைப்பட்டதில்லை. டீச்சரும்தான்.

அப்புறம்மாவை ஆதரவு வகுப்புக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பேர்தான் ஆதரவு. மைதானத்துக்கு அந்தப் பக்கம், சைக்கிள் கொட்டகைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை பதினாறு பிள்ளைகளை ஒன்றாகப் போட்டு வைத்திருந்தார்கள். வண்ணம் தீட்டுவார்கள், கத்தரித்து ஒட்டுவார்கள், மறுபடி வண்ணம் தீட்டுவார்கள். ஆறு வருஷத்தில் அந்தப் படியேறிப் போன பிள்ளைகளில் வகுப்புக்குத் திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர்.

தலைமை ஆசிரியையிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. மேலேயிருந்து வருகிற தாளுக்குப் பயந்தவர்.

"மேடம், பதினொண்ணாம் பக்கம் தப்பு. ஒன்பது செகண்டுங்கறது சராசரி. அதுக்கு மேல காத்திருக்கக் கூடாதுன்னு நான் எங்க சொன்னேன்?"

"உங்க முறைதானே டீச்சர்? உங்க படம்கூட இருக்கு."

"படம் என்னுது, புத்தி என்னுது இல்ல."

"மாசக் கடைசி வெள்ளிக்கிழமை பெரிய கூட்டம் இருக்கு இல்ல? உங்கள மேடையில உக்கார வைக்கப் போறாங்க. அங்க சொல்லுங்க. அதுவரைக்கும் தாளை நிரப்புங்க. நிரப்பலன்னா விளக்கம் கேட்டு எனக்குத்தான் கடிதம் வரும்."

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் என்று டீச்சர் நம்பினாள். அதனால் மனசுக்குள் திட்டிக்கொண்டே தாளை நிரப்பினாள்.

டைமர் வந்த மூன்றாம் நாளே வகுப்பின் முகம் மாறிப்போனது. பிள்ளைகள் கேள்வியைப் பார்ப்பதை விட்டுவிட்டு டைமரைப் பார்த்தார்கள். முந்திரிக்கொட்டை அதன் சூட்சுமத்தை முதலில் கண்டுபிடித்தான்: மணிக்குள் எதையாவது சொல்லிவிட்டால் ப.இ. கிடையாது, சொன்னது சரியா தப்பா என்று கேட்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. அன்றிலிருந்து அவன் எல்லாக் கேள்விக்கும் "ஏழு" என்றான். ஒரு வாரத்தில் வகுப்பே ஏழு என்றது. பறவைகள் ஏன் கூடு கட்டுகின்றன? ஏழு. டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, சுவரில் முட்டிக்கொள்ளவும் தோன்றியது.

அப்புறம்மா மட்டும் ஏழு என்று சொல்லவில்லை. கேள்வி வந்ததும் அவள் சன்னலைப் பார்ப்பாள், விரலைப் பார்ப்பாள், உதடு அசையத் தொடங்கும், டைமர் கத்தும், உடம்பு தூக்கிவாரிப் போடும். அதோடு போயிற்று. ஒருமுறை டீச்சர் மெல்லக் குனிந்து, "தெரியலன்னா சும்மா எதையாவது சொல்லேன் கண்ணு" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். சொன்ன பிறகு அவளுக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற பேச்சா அது? அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, நெடுநேரம் கழித்து, "எதையாவதுன்னா எது டீச்சர்?" என்றாள். தாளில் அப்புறம்மாவின் பேருக்கு எதிரே ப.இ. ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொன்றும் டீச்சரின் கையெழுத்தில்தான்.

டீச்சரின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்கி வருகிற மனிதன், வீட்டில் நாற்காலியை விட்டு எழ மாட்டார். அன்று சாயங்காலம் அவள் கையேட்டை அவர் மடியில் விட்டெறிந்தாள். அவர் பதினோராம் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"செருப்புக் கடையில வர்றவங்க எல்லாரோட காலையும் அளந்து, சராசரி சைஸ் ஏழுன்னு கண்டுபிடிச்சு, எல்லாருக்கும் ஏழாம் நம்பர் செருப்பே குடுத்தா எப்படி? அந்த மாதிரி இருக்கு."

"கால் நுழையலன்னா, காலே சரியில்லன்னு சொல்றாங்க."

"இதுக்கு ஏன் என்கிட்ட கத்துற? வகுப்புல காட்டற பொறுமையில கால்வாசி வீட்டுல காட்டக் கூடாதா?"

"வீட்டுல காட்டினா வகுப்புக்கு மிஞ்சாது."

மறுநாள் இடைவேளையில் ஆய்வாளருக்குப் போன் செய்தாள். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. குரலிலேயே கூனிக் குறுகினாள்.

"என் கட்டுரையில சரியாத்தான் இருக்கு டீச்சர். முப்பத்துநாலாம் பக்கத்துல, 'இந்த எண்ணை வரம்பாகக் கொள்ளக் கூடாது'ன்னே எழுதியிருக்கேன்."

"முப்பத்துநாலாம் பக்கத்துல எழுதினா யாரும்மா படிப்பா?"

"கையேடு தயாரிக்கிற குழு சுருக்கத்த மட்டும்தான் எடுத்துக்கிட்டாங்க. நான் ரெண்டு தடவ சொன்னேன். என் வேலை ஒப்பந்த வேலை டீச்சர், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். அதுக்கு மேல சொல்ல முடியல." கொஞ்சம் தயங்கி, இன்னும் மெல்லிய குரலில் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னால வரைவு உங்களுக்கும் வந்துது. சம்மதம்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கீங்க. நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னுதான் குழு என் வாய அடைச்சாங்க."

வந்தது உண்மைதான். தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்த நேரம். நான்காம் பக்கத்தைத் திறந்து, படம் நன்றாக வந்திருக்கிறதா, பேரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். டீச்சர் போனை வைத்துவிட்டு, "என்மேலயே பழியத் திருப்பறாளா?" என்று ஓய்வறையில் பொரிந்து தள்ளினாள். கோபத்துக்கு அன்றைக்கு யாராவது வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம். அரங்கத்தின் வாசலில் 'ஆய்விலிருந்து வகுப்பறைக்கு' என்று பெரிய பதாகை. நானூறு ஆசிரியர்கள், ஆளுக்கொரு பை, பைக்குள் ஒரு பேனா. கல்வித் துறை இயக்குநர் மேடையேறினார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்வாங்க. இன்னிக்கு நாம அத உதவ வச்சிருக்கோம்" என்று தொடங்கித் திரையில் ஒரு வரைபடம் போட்டார். பச்சைக் கோடு ஒன்று மலையேறுவது போலப் போனது. மூன்றே வாரத்தில் கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளைகள் தொண்ணூற்றாறு சதவீதம்! கைத்தட்டல். அதில் எத்தனை பேர் ஏழு என்று சொன்னார்கள் என்பதைத் திரை சொல்லவில்லை.

டீச்சரைப் பேச அழைத்தார்கள். இரண்டு நிமிஷம். தயாரித்து வந்த பேச்சை அவள் மடித்து வைத்துவிட்டு இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

"சார், உங்கள ஒரு கேள்வி கேக்கலாமா? மூணாம் வகுப்புக் கேள்விதான். பிள்ளைங்க எடுத்துக்கிட்ட நேரம் சராசரியா ஒன்பது செகண்டுன்னா, ஒன்பதுக்கு மேல எடுத்துக்கிட்ட பிள்ளைங்க எத்தன பேர் இருப்பாங்க? அவங்கள இப்ப எங்க அனுப்பறோம்?"

கேட்டுவிட்டுப் பையிலிருந்த டைமரை மேசைமேல் வைத்து அழுத்தினாள். இயக்குநர் புன்னகை செய்தார். உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தாள்களைப் புரட்டினார். இயக்குநர் தொண்டையைச் செருமி, "அது வந்து..." என்றார். டைமர் கத்தியது.

"ப.இ." என்றாள் டீச்சர்.

அரங்கம் அதிர்ந்தது. நானூறு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ விசில்கூட அடித்தார்கள். டீச்சர் டைமரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். இயக்குநரும் எல்லாரோடும் சேர்ந்து, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுதான், இந்த உற்சாகம்தான் நமக்கு வேணும்! கையேட்ட எவ்வளவு உயிரோட்டமா பயன்படுத்தறாங்க பாருங்க!" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். கோபத்தை வேடிக்கையாக்கி விழுங்கிவிட இதைவிட நல்ல வழி யாரும் கண்டுபிடித்ததில்லை.

தேநீர் நேரத்தில் அவளோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. "சூப்பர் டீச்சர், சாட்டையடி" என்றார் ஒருவர். அவரே அடுத்த மூச்சில், "அந்த ப.இ. தாள் தீந்துபோச்சு, எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். டீச்சர் கோப்பையை வைத்துவிட்டு இயக்குநரைத் தேடிப் போனாள்.

"சார், நான் வேடிக்கைக்குக் கேக்கல."

"தெரியும் டீச்சர்." தனியாக இருந்தபோது அவர் சிரிக்கவில்லை. களைத்துப்போன மனிதராகத் தெரிந்தார். "நீங்க சொல்றது நியாயம்னே வச்சுக்குவோம். ஆயிரத்து இருநூறு பள்ளிக்கூடம். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி செய்யணும்னா ஒரு எண் வேணும். 'பிள்ளை முகத்தப் பாத்து முடிவு பண்ணுங்க'ன்னு கையேட்டுல எழுத முடியுமா?"

"அதத்தான் சார் எழுதணும். அதுதான் வாத்தியார் வேலை."

"மறுபதிப்புல பாக்கலாம். எழுதிக் குடுங்க."

"மறுபதிப்பு எப்ப?"

"இருக்கறது தீரட்டும்."

அப்புறம்மாவுக்கு மூன்றாம் வகுப்பு எத்தனை மறுபதிப்பு வரும் என்று கேட்க வாயெடுத்தாள். அவர் அதற்குள் வேறு யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் மூன்றாவது வரிசையில் காலி இடம். காய்ச்சல் போலும் என்றுதான் முதலில் நினைத்தாள். முந்திரிக்கொட்டைதான் சொன்னான்: "அப்புறம்மா மாடிக்குப் போய்ட்டா டீச்சர்."

அன்றைக்கு அவள் பாடம் எடுக்கவில்லை. வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுத் தலைமை ஆசிரியையின் அறைக்கு ஓடினாள்.

"வெள்ளிக்கிழமைதான் டீச்சர் கடைசி நாள். நீங்க கூட்டத்துக்குப் போயிருந்தீங்க. உங்க மேசையில இருந்த தாளப் பாத்து நானே பட்டியல் அனுப்பினேன். பதினாலு ப.இ. நீங்களே எழுதினதுதானே? அவங்க அம்மாவும் வந்து சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஒரு கேள்வி கேக்கல."

அவள் மைதானத்தைத் தாண்டிச் சைக்கிள் கொட்டகைப் படியேறினாள். அப்புறம்மா சன்னலோரம் உட்கார்ந்து நீலக் காகிதத்தை வட்டம் வட்டமாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் கத்தரித்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. டீச்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பெண் சன்னலைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். இங்க யாரும் கேள்வியே கேக்க மாட்டாங்க."

அந்தப் படியில் இறங்கி வரும்போது டீச்சருக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இயக்குநர், குழு, ஆய்வாளர், தலைமை ஆசிரியை, டைமர் செய்த கம்பெனி என்று ஒவ்வொருவராகத் திட்டித் தீர்த்தாள். அந்தப் பெண்ணைப் பெற்றவளைக்கூட விடவில்லை. பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே தள்ள ஒரு கேள்விகூடக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போட மனசு வந்தது? சாயங்காலம் வரட்டும், கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

சாயங்காலம் பெண்ணை அழைத்துப்போக அவள் வந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். கை விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. பள்ளி விட்ட நேரத்து இரைச்சலில் டீச்சர் அவளைத் தாழ்வாரத்து ஓரமாக அழைத்துக்கொண்டு போனாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? எதுல கையெழுத்துப் போடறோம்னு பாக்க வேண்டாமா? நல்லாப் படிக்கிற பொண்ணும்மா அவ!"

அந்த அம்மா குழம்பிப்போனாள். "நீங்கதான டீச்சர் சொன்னீங்க?"

"நானா?"

"உங்க புஸ்தகத்துல இருக்குன்னு பெரிய டீச்சர் காட்டினாங்க. உங்க போட்டோவும் இருந்துச்சு. எம் பொண்ணு வீட்டுக்கு வந்தா வாய் ஓயாம உங்களப் பத்தித்தான் பேசுவா. எங்க டீச்சர் நான் சொல்ற வரைக்கும் காத்துட்டு இருப்பாங்கம்பா. உங்க போட்டோவப் பாத்ததும், இந்த டீச்சர் நம்ம பிள்ளைக்குக் கெடுதல் பண்ண மாட்டாங்கன்னு உடனே போட்டுட்டேன்."

"நான் எழுதல. அதுல எழுதினது தப்பு. அச்சடிக்கறதுக்கு முன்னால எனக்கு அனுப்பினாங்க... நான் படிக்கல. படிக்காமலே சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

 மூன்று வாரமாக ஊரெல்லாம் கத்தியும் இந்த ஒரு வாக்கியத்தை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. புருஷனிடம்கூட.

அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. "நானும்தான் டீச்சர் படிக்கல" என்றாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. பேரு மட்டும் எழுதுவேன்."

 டீச்சர் அந்த அம்மாவின் கையைப் பிடித்து நேரே தலைமை ஆசிரியையின் அறைக்கு அழைத்துப் போனாள். அவர் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்.

"அந்தச் சம்மதப் படிவத்த எடுங்க மேடம்."

"அது மேல போயாச்சு டீச்சர். நகல்தான் இருக்கு."

"நகலே போதும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கோப்பைப் பிரித்துத் தாளை நீட்டினார். டீச்சர் அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தாளின் தலைப்பிலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று சாதாரணப் பேச்சில் சொன்னாள். 'மேற்படி மாணவர் வழக்கமான பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டு...' "இனிமே கணக்கு, அறிவியல் பரீட்சை எதுவும் கிடையாதும்மா." 'மறுமதிப்பீடு தேவைப்படின், கல்வியாண்டின் இறுதியில்...' "ஒரு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி பாப்பாங்க. அதுவும் அவங்களுக்குத் தோணினா." அந்த அம்மா ஒவ்வொரு வரிக்கும் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வரியிலேயே அவள் கண் கலங்கிவிட்டது.

"எல்லாத்தையும் இப்படிப் படிச்சிட்டிருந்தா விடிஞ்சுடும் டீச்சர்" என்றார் தலைமை ஆசிரியை.

"விடியட்டும் மேடம். முன்னாடியே படிச்சிருக்கணும். நானும் படிச்சிருக்கணும். என் பேர அந்தக் கையேட்டுலேந்து எடுக்கச் சொல்லி, ஏன் எடுக்கணும்னும் இன்னிக்கே எழுதித் தரேன். நான் வரைவப் படிக்காமக் கையெழுத்துப் போட்டதையும் சேத்தே எழுதறேன். எனக்கு என்ன வருதோ வரட்டும்."

கடைசி வரிக்கு வந்தாள். எல்லாப் படிவங்களிலும் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிற, யார் கண்ணிலும் படாத வரி. அதையும் விடாமல் படித்தாள்: 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் எனக்கு என் மொழியில் படித்துக் காட்டப்பட்டன. முழுவதும் புரிந்துகொண்டு கையொப்பமிடுகிறேன்.' அதன் கீழே, கோணலும் மாணலுமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதிய ஒரு பேர்.

"இதுக்கு என்னா அர்த்தம் டீச்சர்?"

டீச்சர் சொன்னாள்.

அந்த அம்மா தாளைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். தன் பேர் இருந்த இடத்தில் வெளுத்துப்போன விரலை வைத்தாள். பிறகு தலைமை ஆசிரியையை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்தாமல் அவரை நேருக்கு நேர் பார்க்கிறாள்.

"யாரும் எனக்குப் படிச்சுக் காட்டலையே மேடம்" என்றாள்.

 தலைமை ஆசிரியை கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.